நிகழ்கலை அரங்குக்கு எந்தப் பாணி? ஒரு பேராசிரியரின் கேள்விக்குக் கட்டடக் கலைஞரின் பதில்

கடிதத்தின் சுருக்கம்: எழுதியவர் தமிழகத்தின் பழைய பல்கலைக்கழகம் ஒன்றில் நாட்டியத் துறையின் தலைவர். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஊரையும் நீக்கியிருக்கிறோம். இசை, நாட்டியம், நாடகம் மூன்றுக்கும் சேர்த்து வளாகத்தில் புதுக் கட்டடம் வரப்போகிறது. கட்டடக் குழுவில் இவரும் உறுப்பினர். குழு மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு தரப்புக்குக் கோபுர முகப்பும் யாளித் தூண்களும் வேண்டும். பெருந்தொகை தர முன்வந்திருக்கும் முன்னாள் மாணவரும் அந்தப் பக்கம்தான். கோபுரம் இல்லையென்றால் பணமும் இல்லை என்று சொல்லாமல் சொல்லியிருக்கிறார். இரண்டாவது தரப்பு, வளாகத்தின் பழைய செங்கல் கட்டடத்தைப் போலவே வளைவுகளும் குவிமாடங்களுமாகக் கட்டச் சொல்கிறது. மூன்றாவது தரப்பு கண்ணாடியும் ஏ.சி.பி. ஷீட்டும் (சுவரின் வெளிப்புறத்தில் பொருத்தும் அலுமினிய உறைத் தகடு) கேட்கிறது. பதிவாளருக்குப் பாணி எதுவானாலும் சரி, பட்டமளிப்பு விழாவுக்கு 1,200 இருக்கை இருந்தால் போதும். பிளானை ஒரு ஆர்க்கிடெக்ட் ஏற்கெனவே போட்டுக் கொடுத்துவிட்டார். எலிவேஷனை, அதாவது வெளி முகப்பின் வரைபடத்தை, மட்டும் வேறொருவரிடம் மூன்று விதமாக வரைந்து வாங்கி வாக்கெடுப்புக்கு விடப்போகிறார்கள்.

"நான் ஆடுகிறவள், கட்டடத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கோயில் பாணிக்குக் கை தூக்காவிட்டால் மரபுக்கு எதிரானவள் என்று பேர் வந்துவிடுமோ என்றும் பயம். எந்தப் பாணி சரி? வாக்கெடுப்பு எனக்கு ஒப்பாத பக்கம் போனால் மறுப்பை எழுத்தில் பதிய உரிமை உண்டா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள பேராசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீண்ட கடிதத்தில் மேடையைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "மேடைத் தளத்துக்கு மெருகேற்றிய கிரானைட் என்று முடிவாகிவிட்டது." அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. முகப்புக்கு மாதக்கணக்கில் சண்டை நடக்கிறது. உங்கள் மாணவிகள் நாள் தவறாமல் காலால் தட்டப்போகும் தளமோ ஒரு பேச்சும் இல்லாமல் முடிவாகிவிட்டது. பாதத்தால் தட்டும் தட்டடவிலிருந்து முழங்காலில் இறங்கும் மண்டி அடவு வரைக்கும் கல்லின் மேல் ஆடினால் குதிகாலும் முழங்காலும் என்ன பாடுபடும் என்பது குழுவில் உங்களுக்குத்தான் தெரியும்.

ஆடும் மேடைக்குக் கான்கிரீட்டின் மேல் ரப்பர் துண்டுகளை வைத்து, அவற்றின் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்களைப் போட்டு, ப்ளைவுட் அடித்து, அதற்கு மேல் மரப்பலகை பதிக்க வேண்டும். நடுவில் காற்று நிற்கும். மிதித்தால் தளம் துளி இறங்கிக் கொடுக்கும், தட்டினால் கணீரென்று ஓசையும் வரும். இப்படி வேண்டும் என்று கேட்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை. "எனக்கு என்ன தெரியும்" என்பதை இந்தக் கடிதத்தோடு விட்டுவிடுங்கள். அந்தக் கட்டடத்துக்குள் முப்பது வருடம் வேலை செய்யப்போகிறவர்கள் சார்பாகக் குழுவில் இருப்பவர் நீங்கள். பாணியை முடிவு செய்யும் முன் உள்ளே என்ன நடக்கும், அதற்கு என்ன வேண்டும் என்று எழுதிவைக்க வேண்டும். அந்தத் தாளை உங்கள் துறைதான் எழுத முடியும். அதை எழுதாமலே மூன்று எலிவேஷன் வரையக் கொடுத்ததுதான் நடந்த தவறு.

கோபுரம் வைத்தால் மரபு வந்துவிடுமா?

மரபுக்கு எதிரானவள் என்ற பேர் வருமோ என்ற பயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கோபுரம் நுழைவாயில். ஆடவோ பாடவோ கட்டியதில்லை. ஆட்டமும் பாட்டும் மண்டபத்திலும் பிராகாரத்திலும் வீதியிலும் நடந்தன. கோபுரத்தை அரங்கின் நெற்றியில் ஒட்டவைப்பது மரபின் மேல் அன்பால் செய்வதாக இருக்கலாம், அந்த அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அரங்கத்தைப் பற்றி நம் மரபு சொல்லிவைத்திருப்பது வேறு.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை எடுத்துப் பாருங்கள். உங்கள் மாணவிகளுக்கே நீங்கள் அதை நடத்தியிருப்பீர்கள். மாதவி ஆடிய அரங்கின் அளவு அங்கே இருக்கிறது. இருபத்துநான்கு விரல் கொண்ட கோலால் அளந்து, அகலம் 7 கோல், நீளம் 8 கோல், மேடை உயரம் 1 கோல். உள்ளே வரவும் வெளியே போகவும் இரண்டு வாயில். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று திரை. தூணின் நிழல் ஆடுபவள் மேலும் அவையின் மேலும் விழாதபடி விளக்கை எங்கே நிறுத்த வேண்டும் என்பது வரைக்கும் கவனம் போயிருக்கிறது. மேலே பூதங்களின் உருவம் எழுதி வைத்ததும் வருகிறது, அலங்காரம் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வெளி முகப்பு எப்படி இருந்தது என்று அங்கே ஒரு சொல் கிடையாது. கூட்டத்தில் யாராவது மரபு என்று பேச ஆரம்பித்தால், "தூண் நிழல் எங்கே விழுகிறது என்று பிளானில் பார்த்தோமா?" என்று கேளுங்கள். அதைவிட மரபான கேள்வி இருக்க முடியாது.

நாட்டிய சாஸ்திரமும் இதே வழியில்தான் போகிறது. நாட்டிய மண்டபத்துக்கு மூன்று வடிவம், மூன்று அளவு சொல்லிவிட்டு, மனிதர்கள் ஆடிப் பார்ப்பதற்கு 64 முழ நீளமும் 32 முழ அகலமும் கொண்டதே ஏற்றது என்கிறது. அதைவிடப் பெரிதானால் பேச்சு தெளியாது, முகத்தின் பாவம் தெரியாது என்று காரணமும் தருகிறது. முழத்துக்கு ஒன்றரை அடி என்று வைத்தால் மொத்த நீளம் 96 அடி. அதில் பாதி மேடைக்கும் ஒப்பனை அறைக்கும் போய்விடும், பார்ப்பவர்களுக்கு 48 அடி. இன்றைக்கு அரங்கம் வடிவமைப்பவர்கள் முகபாவம் தெரியக் கடைசி வரிசை 20 மீட்டருக்குள், அதாவது ஏறக்குறைய 65 அடிக்குள் இருக்க வேண்டும் என்று கணக்கு வைக்கிறோம். பழைய நூல் இன்னும் கண்டிப்பாக இருந்திருக்கிறது.

கேரளக் கோயில்களுக்குள் கூத்து நடத்தக் கட்டிய அரங்குகளான கூத்தம்பலங்களை நேரில் பார்த்திருப்பீர்கள். திருச்சூர் வடக்குநாதன் கோயிலிலும் இரிஞ்ஞாலக்குடா கூடல்மாணிக்கம் கோயிலிலும் நிற்பவை அருமையானவை. பெரிய கூரைக்குள் மேடைக்கென்று தூண்களின் மேல் தனியாக ஒரு கூரை, பின்னால் மிழாவு என்ற தாளக்கருவி வாசிப்பவர்களுக்கு இடம், பக்கங்களில் காற்று புகும் அழிகள் (கம்பித் தடுப்பு போன்ற மரச் சட்டங்கள்). கேரளத்தின் பழைய சமஸ்கிருத நாடகமான கூடியாட்டத்துக்கு என்ன வேண்டுமோ அதிலிருந்து அந்த உருவம் பிறந்தது. சென்னை கலாக்ஷேத்ராவின் கூத்தம்பலத்தை வடிவமைத்த அப்புக்குட்டன் நாயர் பொறியாளர், கதகளியில் ஆழ்ந்த ரசிகர். கூத்தம்பலத்தின் வெளித்தோற்றத்தை மட்டும் எடுத்து ஒட்டாமல் அதன் உள்ளமைப்பையே கொண்டுவந்தார். உங்கள் குழு ஒருநாள் ஒதுக்கி அங்கே போய் உட்கார்ந்து பார்க்கலாம்.

பழைய கட்டடத்தைப் போலவே கட்டினால்?

இரண்டாம் தரப்பு, "இதுதான் நம் பல்கலைக்கழகத்தின் அடையாளம், நம்முடைய பாணி" என்கிறது. பாதி சரி. இந்தோ-சாரசனிக் என்று சொல்லப்படும் அந்தப் பாணியை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர்கள் உருவாக்கினார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் 1874-1879இல் ராபர்ட் சிஷோம் கட்டியது. ஆனால் ஒன்றரை நூற்றாண்டாக நாம் அதற்குள் படித்து, பட்டம் வாங்கி, போராடி, அதை நம்முடையதாக்கிக்கொண்டோம். ஆகவே காலனியக் கட்டடம் என்று அதை ஒதுக்குவதும் சரியில்லை, பழந்தமிழ் மரபு என்று அதை நகலெடுப்பதும் சரியில்லை. சிஷோம் காலத்துச் செங்கல் வேலையும் சுண்ணாம்புப் பூச்சும் இன்றைய எஸ்டிமேட்டில் கட்டுப்படியாகாது. கான்கிரீட் சட்டத்தில் போலி வளைவை வார்த்துச் செங்கல் நிறத்தில் டைல் ஒட்டுவதுதான் நடக்கும். பக்கத்தில் நிற்கும் உண்மையான கட்டடத்துக்கு அது அவமரியாதை என்பேன். பழைய கட்டடத்தோடு ஒத்துப்போக உயரம், நிறம், தாழ்வாரத்தின் ஆழம், மரங்களிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பவை போதும்.

கண்ணாடித் தரப்புக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேற்கு வெயிலில் கண்ணாடிச் சுவர் வைத்தால் அந்தச் சூட்டை விரட்ட ஏ.சி. பெரிதாகும், ஏ.சி. பெரிதானால் அதன் காற்றுக் குழாயில் காற்று இரையும், அந்த இரைச்சல் தம்பூராவின் மேல் உட்காரும். ஏ.சி.பி. ஷீட்டில் பாலிஎத்திலீன் உட்பொருள் உள்ள ரகத்தைப் பல நூறு பேர் கூடும் கட்டடத்துக்குத் தொடவே கூடாது. 2017இல் லண்டன் கிரென்ஃபெல் கட்டடத்தில் 72 பேரைக் காவுகொண்ட தீ அந்த ரக உறை வழியாகத்தான் மேலேறியது. கூரைக்குத் தகர ஷீட் என்று எங்காவது எழுதியிருந்தால் ஐப்பசி மழையில் வயலின் கேட்குமா என்று கேளுங்கள்.

பாணி கெடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை

இந்தச் சண்டை உங்கள் வளாகத்துக்கு மட்டும் உரியதில்லை. குழுவில் நீங்கள் எடுத்துச் சொல்லத் தோதான கதை ஒன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நடந்தது. 1895இல் அங்கே ஃபாக் கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. வரைந்தவர் ரிச்சர்ட் மாரிஸ் ஹண்ட், அந்நாளைய அமெரிக்காவின் மிகப் பெரிய கட்டடக் கலைஞர்களில் ஒருவர். செவ்வியல் பாணி. உள்ளே இருந்த விரிவுரை அரங்கில் பேராசிரியர் பேசினால் மாணவர்களுக்கு ஒரு வாக்கியமும் புரியவில்லை. வாயிலிருந்து வந்த ஒலி ஏறக்குறைய ஐந்தரை விநாடி அந்தக் கடினச் சுவர்களுக்கு நடுவே சுற்றிக்கொண்டே இருந்தது. முதல் சொல் அடங்குவதற்குள் பத்துப் பன்னிரண்டு சொல் அதன் மேல் வந்து விழும்.

பல்கலைக்கழகத் தலைவர் எலியட், வாலஸ் சாபின் என்ற இளம் இயற்பியல் உதவிப் பேராசிரியரை அழைத்து இதைச் சரிசெய்யச் சொன்னார். சாபினுக்கு அப்போது 27 வயது. ஊர் அடங்கிய பிறகு, அதே வளாகத்தின் சாண்டர்ஸ் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை ஆட்களை வைத்துத் தூக்கிவந்து ஃபாக் அரங்கில் பரப்பினார். ஆர்கன் குழாயை ஊதி, நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தையைக் கூட்டினார், அளந்தார். விடிவதற்குள் எல்லாம் பழைய இடத்துக்குப் போய்விடும். அறையின் கொள்ளளவு கூடினால் ஒலி நீடிக்கும், ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும் என்ற கணக்கு அந்த இரவுகளில் பிறந்தது. உலகத்து அரங்குகளுக்கெல்லாம் இன்றும் அதுதான் அடிப்படை. 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பனி ஹாலுக்கு அவரே ஆலோசகர்.

மெத்தைகள் வந்த சாண்டர்ஸ் அரங்கு விக்டோரிய கோதிக் கட்டடத்துக்குள் இருப்பது, உள்ளே முழுக்க மரவேலை. அங்கே பேச்சும் இசையும் அருமையாகக் கேட்கும். இன்றும் கச்சேரி நடக்கிறது. ஃபாக்கின் பழைய கட்டடத்தை 1973இல் இடித்துவிட்டார்கள். ஒரே வளாகம், இரண்டு பாணி. ஒன்று பிழைத்ததற்கும் மற்றது திணறியதற்கும் பாணி காரணமில்லை. சுவர் எதனால் ஆனது, அறை எவ்வளவு பெரிது, இருக்கையில் என்ன இருக்கிறது என்பவைதான் தீர்மானித்தன.

1,200 இருக்கை என்ற பேச்சு

என் அனுபவத்தில் கோபுரத்தையும் கண்ணாடியையும்விட அரங்கங்களை அதிகம் கெடுப்பது இந்த எண்தான். நியூயார்க்கில் 1962இல் திறந்த ஃபில்ஹார்மோனிக் ஹாலுக்குத் திட்டமிட்டதைவிட இருக்கைகளைக் கூட்டினார்கள், வடிவமும் மாறியது. ஒலி சரியில்லை என்ற புகார் முதல் நாளே எழுந்தது. 1976இல் உள்ளே முழுக்கப் பிரித்துக் கட்டினார்கள். 2022இல் மறுபடியும். இந்த முறை இருக்கைகளைப் பெருமளவு குறைத்தார்கள்.

பட்டமளிப்பு விழா வருடத்துக்கு ஒரு நாள். அதற்குப் பந்தல் போடலாம், ஏற்கெனவே உள்ள பெரிய மண்டபத்தைப் பயன்படுத்தலாம். மீதி நாட்களில் 1,200 இருக்கை அரங்கில் எண்பது பேர் உட்கார்ந்து மாணவர் அரங்கேற்றம் பார்ப்பதை நினைத்துப் பாருங்கள். கடைசி வரிசைக்குக் கண்ணசைவு எட்டாது. மைக் இல்லாமல் பாட முடியாது. நானாக இருந்தால் 400 இருக்கை கேட்பேன், 500க்கு மேல் போக மாட்டேன். கச்சேரிக்கும் நாட்டியத்துக்கும் ஒலி ஒரு விநாடி, ஒன்றேகால் விநாடியில் அடங்க வேண்டும், இல்லாவிட்டால் மிருதங்கச் சொற்கட்டு குழம்பிவிடும். மேற்கத்திய சிம்பனிக்கு ஏறக்குறைய இரண்டு விநாடி வேண்டும். வெளிநாட்டு அரங்கைப் பார்த்து அப்படியே எடுத்தால் இங்கேதான் இடிக்கும். நாகஸ்வரமும் தவிலும் பறையும் திறந்த வெளிக்கு உரியவை. தெருக்கூத்துக்குப் பார்ப்பவர்கள் சூழ உட்கார வேண்டும். அதற்கென்று மரநிழலில் ஒரு களம் பிளானிலேயே இருக்கட்டும். நான்கு பக்கமும் சுவர் வைத்த ஒரே ஹாலில் எல்லாக் கலையையும் அடைக்க முடியாது.

உங்கள் உரிமையும் குழுவின் கடமையும்

மறுப்பைப் பதியலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக. குழு உறுப்பினர் என்ற முறையில் உங்கள் மாற்றுக்கருத்தைக் காரணத்தோடு கூட்டக் குறிப்பில் சேர்க்கச் சொல்லலாம். குறிப்பு சுற்றுக்கு வரும்போது அது இல்லையென்றால், அடுத்த கூட்டத்தில் குறிப்பை உறுதிசெய்யும் முன் எழுத்தில் திருத்தம் கேளுங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நாளை யாராவது அந்தக் குறிப்புகளைக் கேட்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். யாரையும் தாக்கி எழுதாதீர்கள். "கோபுரம் வேண்டாம்" என்று எழுதினால் கருத்து மோதலாகிவிடும். "கடைசி வரிசை மேடையிலிருந்து 35 மீட்டர் தள்ளி இருக்கிறது, அபிநயம் கற்பிக்க இந்த அரங்கு பயன்படாது" என்று பிளானை அளந்து எழுதினால் யாரும் உங்களை மரபுக்கு எதிரி என்று சொல்ல முடியாது.

பிளான் ஒருவர், எலிவேஷன் வேறொருவர் என்பதில் சட்டச் சிக்கலும் இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் கட்டட வரைபடமும் கலைப்படைப்புதான். முதல் ஆர்க்கிடெக்டின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் இன்னொருவர் அதன் மேல் கைவைத்தால் தகராறு வரும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், உள்ளே நடப்பதைத் தெரியாதவர் வெளியே வரையும் முகம் ஒருநாளும் பொருந்தாது. சிட்னி ஓபரா ஹவுஸ் இன்று உலகம் கொண்டாடும் கட்டடம், நானும் கொண்டாடுகிறேன். ஆனால் 1957இல் அந்த உருவம் தேர்வான பிறகுதான் கூரையை எப்படி நிறுத்துவது என்றே தேட வேண்டியிருந்தது. 70 லட்சம் டாலர் மதிப்பீடு 10 கோடியே 20 லட்சமானது. பத்து வருடத் தாமதத்துக்குப் பின் 1973இல் திறந்தார்கள். கட்டும்போதே ஓபரா பெரிய ஹாலை இழந்து சிறிய ஹாலுக்குப் போய்விட்டது. மாநில அரசு லாட்டரி நடத்தி அந்தச் செலவின் பெரும்பகுதியைத் தாங்கியது, உங்கள் பல்கலைக்கழகம் தாங்காது.

நன்கொடையாளர் விஷயத்தில் ஒப்பந்தம் எழுதும்போதே கவனம் தேவை. அவர் பெயர் கட்டடத்துக்கு இருக்கட்டும், கல்வெட்டும் பெரிதாகவே இருக்கட்டும். வடிவமைப்பில் அவருக்கு ஒப்புதல் அதிகாரம் தரும் வாசகம் மட்டும் வேண்டாம். அவருடைய ஆசை சிற்ப வேலை என்றால் அதற்கு மரியாதையான வழி உண்டு. மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியில் பயின்ற ஸ்தபதிகளைக் கொண்டு வாயில் கதவையும் மேடை விதானத்தையும் மரத்தில் செதுக்கச் சொல்லலாம். சிமெண்டில் அச்சு வார்த்த யாளியைவிட அது நூறு மடங்கு மரபு, ஒலிக்கும் நல்லது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 44ஆம் பிரிவின்படி அணுகல் விதிகளுக்கு உட்படாத பிளானுக்குக் கட்டட அனுமதியே கிடையாது. எல்லோரும் பார்வையாளர் பக்கம் சாய்தளம் போட்டுவிட்டு முடிந்தது என்கிறார்கள். சக்கர நாற்காலியில் வரும் மாணவி மேடைக்கும் ஒப்பனை அறைக்கும் எப்படிப் போவாள் என்று பிளானில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

எந்தப் பாணி என்று நேராகக் கேட்டதற்கு என் கருத்து: செங்கல், ஆழமான தாழ்வாரம், காற்று புகத் துளையிட்ட சுடுமண் ஜாலி, மழையைத் தாங்கும் சரிவுக் கூரை. பழைய கட்டடத்தின் தோளுக்கு மேல் எழாத உயரம். குவிமாடமும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம், கண்ணாடி வடக்குப் பக்கம் மட்டும். உங்கள் குழு வேறு முடிவுக்கு வந்தாலும் எனக்கு வருத்தமில்லை, உள்ளே இருப்பது சரியாக இருந்தால்.

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் பிளானில் உள்ள மேடையையும் கடைசி வரிசையையும் முழு அளவில் கோடு போடுங்கள். ஒரு மாணவி மேடைக் கோட்டுக்குள் நின்று ஒரு பதம் அபிநயம் பிடிக்கட்டும். குழு உறுப்பினர்களைக் கடைசி வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். பதிவாளரும் வரட்டும். பிறகு கூட்டத்தில் இரண்டு தீர்மானம் கேளுங்கள். மூன்று துறைகளும் தேவைப் பட்டியல் எழுதித் தரும்வரை எலிவேஷன் வாக்கெடுப்பு இல்லை என்பது ஒன்று. ஒலியியல் வல்லுநரின் கட்டணத்தை எஸ்டிமேட்டில் இப்போதே தனி வரியாகச் சேர்ப்பது இரண்டாவது. பணம் பற்றாமல் போகும்போது முதலில் வெட்டப்படுவது அந்த வரிதான். அதனால் அதை முகப்பு வேலைக்கு மேலே எழுதச் சொல்லுங்கள். கிரானைட் ஆர்டர் போகும் முன் மேடைத் தளத்தை மாற்றச் சொல்லும் கடிதம் இந்த வாரமே உங்கள் கையெழுத்தில் போகட்டும்.